புழுக்கைக்கு முதல் மரியாதை

இன்று வெள்ளிக்கிழமை. புதுக்கோட்டை சந்தைப்பேட்டைச் சந்தைக்குப் போகிற ஆடுகள் விடியற்காலையிலேயே எங்கள் வீதியைக் கடந்துவிட்டன. அவை விட்டுப்போனதையெல்லாம் எங்கள் வீட்டு நாய்க்குட்டி ஒன்றுவிடாமல் தின்று முடித்துவிட்டு, ஓடி வந்து என் மேல் ஏறி முகத்தை நக்கியது. அதன் தட்டில் நேற்று ராத்திரி போட்ட தீவனம் அப்படியே நமுத்துக் கிடக்கிறது. கிலோ என்ன விலை என்று கேட்காதீர்கள். அந்தக் காசுக்கு நான் வெள்ளாட்டுக் கறியே எடுத்திருப்பேன்.

ஆகவே, நாய்க்குட்டிக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று ஒழுங்காக ஒரு பட்டியல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் புழுக்கையைப் பற்றி இரண்டு வார்த்தை.

எல்லாப் புழுக்கையும் ஒன்றுதான் என்பவர் நாய் வளர்க்காதவர். முதல் பந்தி வெள்ளாட்டுப் புழுக்கைக்கு. செம்மறி ஆட்டுடையது இரண்டாம் பந்தி. வெள்ளாடு வராத நாளில்தான் அதற்கு மரியாதை. சூடாக விழுந்ததைக் குட்டி அவசரமாக விழுங்கும். வெயிலில் காய்ந்ததை முன்பல்லால் கடித்து, கண்ணை மூடி, நிதானமாக மெல்லும். மழையில் ஊறியது பாயசக் கணக்கு, நக்கிக்கொள்ளும். கோழி எச்சம் தொட்டுக்கொள்ள மட்டும். மாட்டுச் சாணியைத் தின்பதில்லை. அதில் புரண்டு எழுந்து பந்திக்கு வரும், சந்தனம் பூசிக்கொண்ட சம்பந்தி மாதிரி. பூனை மண்ணில் மூடி வைத்ததைத் தோண்டி எடுத்து மண்ணோடு தின்னும். அதை எந்தப் பந்தியில் வைப்பதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஏன் இப்படி என்று கால்நடை டாக்டரிடம் கேட்டேன். "தாய் நாயே குட்டியோட கழிவை நக்கித் தின்னுதான் இடத்தைச் சுத்தமா வச்சுக்கும் சார். குட்டிக்கு அதுல கூச்சமே கிடையாது. வளர வளர பெரும்பாலும் விட்டுரும்" என்றார். மனிதனுக்கு நாக்கில் சுவை மொட்டுகள் ஏறக்குறைய 9,000, நாய்க்கு 1,700 அளவில்தான், மூக்கு சொல்வதைத்தான் வாய் கேட்கும் என்றும் விளக்கினார். விளக்கத்துக்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் வாங்கியிருப்பார் போலிருக்கிறது.

பட்டியலுக்கு வருகிறேன். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நான்கும் நாய்க்கு ஆகாதாம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு வெங்காயத்துக்கு எங்கே ஒளிவது? வெங்காயம் போட்ட முட்டை மாஸ் பொட்டலத்தைப் பிரித்தால் தெருமுனையிலிருந்து வருகிறது இந்தக் குட்டி. விஷத்தை மோப்பம் பிடிக்கிற மூக்குக்குத் தீவனம் மட்டும் மணப்பதில்லை.

எதிர்வீட்டு அப்பத்தா வேறு, தினமும் திண்ணையிலிருந்து தீர்ப்புச் சொல்கிறார். "ஏந்தம்பி, பழைய சோத்துல ரெண்டு கருவாட்டுத் தலையைப் பிசைஞ்சு போட்டா நாய் திங்காமப் போயிருமா?" போட்டேன். ஜெகதாப்பட்டினத்துக் கருவாடு. தலைகளை மட்டும் கவ்விக்கொண்டு போய்ச் செம்பருத்திச் செடிக்கடியில் புதைத்தது. பிறகு வந்து சோற்றையும் காலி செய்தது. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் அதிகம் என்று 2013-ல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்பத்தா பக்கம் சுவீடனே நிற்கிறது. அதை நான் அப்பத்தாவிடம் சொல்வதாக இல்லை.

இதில் எனக்கு உண்மையாகவே எரிச்சல் வருவது குட்டியின் மேல் அல்ல. "அச்சோ, எவ்வளவு அழகு!" என்று வாயோடு வாய் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போகிற விருந்தாளிகள் மேல்தான். அந்த வாய் காலையில் எங்கே போயிருந்தது என்று சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

பட்டியலுக்கு இனி இடமில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். கண்டதையும் தின்கிற குட்டிக்கு வயிற்றில் பூச்சி வர வாய்ப்பு அதிகம். மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, டாக்டர் சொல்கிற அளவில் பூச்சி மருந்து கொடுங்கள். குழந்தைகளின் முகத்தை நக்க விடாதீர்கள். தீவனம் வாங்கினால் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள். பெரிய மூட்டை வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டாம், என் வீட்டில் பிரித்த மூட்டை ஒன்று இருக்கிறது.