முன் வில், பின் வில்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா, பண்ணைப் பாலம் தாண்டி அல்லைப்பிட்டி வந்து சேரும்வரை பிக்கப் புராணம்தான். ராம் 2500-க்குப் பின்னால் 2014 முதல் சுருள்வில், ஓட்டம் சொகுசு. ராம் 3500-க்கும் ஃபோர்ட் எஃப்-250-க்கும் பின்னால் தகட்டுவில், பாரம் தாங்கும். பிக்கப்பின் தட்டு அளவுக்கு மிஞ்சி உயர்ந்தால், இழுபடும் பெட்டியின் மூக்கும் உயர்ந்து, பாரமெல்லாம் அதன் பின்னச்சில் போய்க் குந்திவிடுமாம்.

இந்த ஆராய்ச்சியை எங்கள் ஊர் லான்ட்மாஸ்டர் எப்போதோ முடித்துவிட்டது. முன்னால் இரண்டு சில்லு எஞ்சின், பின்னால் இரண்டு சில்லுப் பெட்டி. சீமெந்து, மணல், மீன்வலை, கல்யாண வீட்டுக் கதிரை எல்லாம் அதில்தான். தட்டின் உயரத்துக்கு அளவுகோல் மூட்டை ஏற்றுகிறவரின் இடுப்பு. அதற்கு மேலே போனால் கூலியும் மேலே போகும்.

வில் எங்கே என்று மாமா குனிந்து தேடினார். ஓட்டுகிறவர் எழும்பி, இருக்கையில் மடித்துப் போட்டிருந்த சாக்கைக் காட்டினார்.

“இது முன் வில், அண்ணை. பின் வில் என்ர நாரி.”

பிறகு கேட்டார்: “அங்கை உங்கட பிக்கப் என்னத்தை இழுக்குது?”

மாமா கடலைப் பார்த்தார். “இப்போதைக்கு மாதத் தவணையைத்தான்.”