முப்பது கிலோ வன்னி

பாரிஸ் லா சப்பலில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தமிழ்க் கடைத்தெருவால் நடப்பவர்கள் அவரைக் காணாமல் திரும்ப முடியாது. உறைமீன் பெட்டிக்கு முன்னால் நிற்பார். தோளில் ஒரு பை தொங்கும். பைக்குள் ஒன்றும் இராது. கண்ணாடியைத் தள்ளி, கல்லாய்க் கிடக்கும் விராலொன்றைத் தூக்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துப் பழையபடி வைத்துவிடுவார். "தம்பி, இது எப்ப செத்தது?" என்று கடைப் பெடியனைக் கேட்பார். பெடியன் பதில் சொல்வதில்லை. போன கிழமையும் இதே கேள்விதான்.

பெயர் என்னவாகவும் இருக்கட்டும். தெருவில் அவர் 'வன்னி அண்ணை'. ஸ்காபரோவில் ஒருவர், ஈஸ்ட்ஹாமில் ஒருவர், சூரிச்சில் ஒருவர் என்று பல பிரதிகள் உண்டு. கிளிநொச்சியிலிருந்து ஒரே இரவுப் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய வெள்ளவத்தையில்கூட ஒருவர் இருந்துகொண்டு, ஏதோ ஏழு கடலுக்கு அப்பால் வந்துவிட்டவர்போலப் பெருமூச்சு விடுகிறார். பாரிஸ் பிரதியை இங்கே எடுத்துக்கொள்ளக் காரணம் அவருடைய தொழில். பிரெஞ்சு உணவகமொன்றின் குசினியில் அவர் சமையல்காரர். வாத்துத் தொடையை அதன் கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்துக் கொடுக்கிறார். வெள்ளைக்காரர்கள் தட்டைப் பாணால் வழித்துத் துடைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். அண்ணை அதில் உப்புப் பார்ப்பதோடு சரி. நடுச்சாமத்தில் வீட்டுக்கு வந்து, ஆறிய சோற்றில் கட்டாக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினால்தான் அவருக்கு அன்றைக்குச் சாப்பிட்ட கணக்கு.

யாழ்ப்பாணத்தவர்களோடு அவருக்கு ஒரு தீராத வழக்கு உண்டு. "உங்களுக்கென்ன, எல்லாம் பைக்கற்றில வருது" என்பார். அதில் நியாயம் இருக்கிறது. பனை கொடுத்த பண்டமெல்லாம் காய்ந்த பண்டம். ஒடியல் மா, புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி எதுவானாலும் மாதக்கணக்கில் கெடாமல் கப்பலேறும். பூநகரிக்காரரின் மொட்டைக்கறுப்பன் அரிசியும் அந்த வழியால் வந்துசேர்ந்துவிடுகிறது. அண்ணை ஏங்கும் சாமான்களோ காட்டிலும் குளத்திலும் இருப்பவை: துடிக்கும் விரால், சட்டியில் உறைந்த எருமைத் தயிர், நந்திக்கடல் இறால், பாலைப்பழம். இவற்றில் எதுவும் பொதி கட்டச் சம்மதிப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே பாலைப்பழம். காட்டுப் பாலை மரம் மெதுவாக வளர்ந்து வைரமேறுவது. அதை யாரும் தோட்டத்தில் நட்டுப் பழம் பிடுங்குவதில்லை. கோடையில் மஞ்சள் மஞ்சளாகப் பழுக்கும்போது காட்டுக்குள் முதலில் போய்ச் சேருவது கரடி, பிறகு குரங்கு, மிச்சத்துக்குத்தான் மனிதன். ஏ9 வீதியோரத்தில் சுண்டு கணக்கில் அளந்து விற்பார்கள். நாலு பழம் தின்றதும் உதடு இரண்டும் பாலால் ஒட்டிக்கொள்ளும். அண்ணை இந்தக் கதையைச் சொல்லும்போது அவருடைய உதடும் ஒட்டிக்கொள்வதுபோல் ஒரு நடிப்பு நடக்கும். பாரிஸில் பிறந்த மகள் ஒருமுறை கேட்டாள்: "அப்பா, ஒட்டுற பழத்தை ஏன் சாப்பிடுறீங்கள்?" அன்று முழுவதும் அண்ணை அவளோடு பேசவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதிகளில் அண்ணைக்குத் தெரியாத பந்தி இல்லை. பிரெஞ்சு மொழியில் வாடகை ஒப்பந்தத்தை வாசிக்க ஆள் பிடிப்பவர், இதை மட்டும் தானே வாசித்து முடித்தார். இலங்கையிலிருந்து வரும் பயணி இறைச்சியோ தயிரோ கொண்டுவரக் கூடாது. மீனும் கருவாடும் 20 கிலோ வரை கொண்டுவரலாம். தேன் 2 கிலோ. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் வரக்கூடிய பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டூரியன். அண்ணையின் இரத்தம் கொதிப்பது இந்த ஐந்தாவது பெயரில்தான். "அறை முழுக்க மணக்கிற டூரியனுக்குக் கதவு திறந்திருக்கு. ஒரு கரைச்சலும் குடுக்காத பாலைப்பழத்துக்கு பேப்பர் வேணுமாம்!" பிரஸ்ஸல்ஸில் முறையிட வேண்டிய விடயம் இது, முறைப்பாடோ லா சப்பல் மீன் பெட்டியைத் தாண்டியதில்லை.

இறைச்சிக் கதை வந்தால் குரல் தானாக இறங்கும். மான் வத்தல், தேனில் ஊறப்போட்ட காட்டிறைச்சி என்று அந்தக் காலத்துக் கூட்டாளி ஒருவரின் வீட்டில் தின்றதைச் சொல்லும்போது, பக்கத்து மேசையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார். இலங்கையின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. அதன் அதிகாரிகள் பாரிஸ் பதினெட்டாம் வட்டாரத்துக்கு வர வாய்ப்பில்லை என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

குளத்து மீன் பேச்சுக்கு மட்டும் குரல் இறங்காது. "எங்கட இரணைமடுத் திலாப்பியா" என்பார், ஏதோ இராவணன் காலத்திலிருந்து அங்கே நீந்துவதுபோல. ஆபிரிக்க மீனான அதை 1952இல்தான் இலங்கைக் குளங்களில் விட்டார்கள். இப்போது சீனப் பண்ணையிலிருந்து வந்த திலாப்பியா லா சப்பல் பெட்டியில் கிடக்கிறது. அண்ணை அதைத் தொடமாட்டார். "உது வெளிநாட்டு மீன்."

அண்ணையின் சுவைக்குப் பூர்வீகம் தேடிப் போனால் நிலைமை இன்னும் சிக்கலாகும். முள்ளியவளை, ஒட்டுசுட்டான் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வேறு. அண்ணையின் தகப்பனார் யாழ்ப்பாணத் தீவொன்றிலிருந்து, 1950களில் வவுனிக்குளத்தைத் திருத்திக் காணி கொடுத்த நாட்களில் வந்து குடியேறியவர். அவருக்கு வன்னிச் சாப்பாடு கடைசிவரை பிடிக்கவில்லை. "சேத்து மணம் அடிக்கிற மீன்" என்று விராலைத் தள்ளிவைத்துவிட்டுக் கடல் மீன் மலிந்த தீவுக் கரையை நினைத்து ஏங்கியவர் அந்த மனிதர். பக்கத்துக் காணிக்காரர் 1977 கலவரத்தின் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வெயிலில் தேயிலைக்கு ருசியே இல்லை என்று குறைப்பட்டவர். இந்த இரண்டு வேலிக்கும் நடுவே வளர்ந்த அண்ணை, ஏங்குவதை அங்கேயே முறைப்படி பயின்றுவிட்டார். பாரிஸில் செய்வது தொழில் மட்டும்தான்.

பயிற்சியின் இரண்டாம் கட்டம் தொண்ணூறுகளில் நடந்தது. ஏ9 வீதி அடைபட்டு, எரிபொருளும் பற்றரியும் உரமும் சிமெந்தும் வன்னிக்குள் வரத் தடை இருந்த காலம். ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு விளக்கு எரித்தார்கள். சீனி கைக்கு எட்டாத விலையில் இருந்தது. பனங்கட்டியை ஒரு கடி கடித்து வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டு அண்ணை அப்போது ஏங்கியது எதற்குத் தெரியுமா? அங்கர் பால்மாத் தேத்தண்ணிக்கும் மாலிபன் பிஸ்கற்றுக்கும். வவுனியாப் பக்கமிருந்து வந்த யாரோ ஒருவரின் பைக்குள்ளிருந்து வெளிவந்த ஒரு பிஸ்கற்றைப் பத்துப் பேர் பிய்த்துத் தின்றதை இன்றைக்கும் சொல்வார். 2002இல் போர்நிறுத்தம் வந்து வீதி திறந்ததும் பால்மாவும் பிஸ்கற்றும் லொறி லொறியாக வந்தன. அண்ணைக்கு இரண்டு மாதத்தில் அலுத்துப்போயிற்று. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டபோது மறுபடியும் ஆசை பிறந்தது. பாரிஸ் வந்தபிறகு பால்மாவைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பனங்கட்டி வேண்டுமாம், அதுவும் குட்டானோடு. ஓமந்தைச் சோதனைச் சாவடியோ சார்ல் து கோல் விமான நிலையச் சுங்கமோ, அண்ணைக்குப் பிடித்த சாப்பாடு எப்போதும் அதற்கு மறுபக்கத்தில் இருந்துவிடுகிறது.

மே மாதத்தில் ஒருநாள் மட்டும் அவர் வாய் திறப்பதில்லை. அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பார்கள். 2009இல், போரின் கடைசி நாட்களில், அதை வரிசையில் நின்று வாங்கியவர் அவர். உப்புக் கூட என்றோ குறைவென்றோ சொல்லாமல் குடித்துவிட்டு வேலைக்குப் போவார்.

மறுநாள் தண்ணீரில் குறை தொடங்கும். பாரிஸ் தண்ணீரில் சுண்ணாம்பு, அதனால்தான் சோறு சரிவருவதில்லை என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. அவருடைய மனைவி வவுனியாக்காரி. "எங்கட கிணத்துத் தண்ணியிலயும் கேத்தில் அடி வெள்ளையாத்தான் படியும்" என்று அவர் சொன்னதும் ஆராய்ச்சி அந்தக் கிழமைக்கு ஒத்திவைக்கப்படும்.

ஊருக்குப் போகும் காலத்தில்தான் அண்ணையின் கதை உச்சத்துக்கு வரும். பிரெஞ்சுப் பாடசாலைகள் யூலையில்தான் மூடும். ரிக்கற் எடுத்து, கொழும்பில் மைத்துனர் வீட்டில் நாலு நாள் முகம் காட்டி, வடக்கே புறப்பட ஓகஸ்ட் ஆகிவிடும். பாலைப்பழம் அதற்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் இதே கதைதான். 2013 செப்டெம்பரிலிருந்து யாழ்தேவி மறுபடி கிளிநொச்சிக்கு ஓடுகிறது. ஆனாலும் அண்ணை வான் பிடிப்பார், ரயில் முறிகண்டிப் பிள்ளையார் வாசலில் நிற்காது என்பதற்காக. அங்கே தேங்காய் உடைப்பது கடவுளுக்கு. மண்ணில் வறுத்த சுடுகச்சான் அண்ணைக்கு. லா சப்பலிலும் கச்சான் உண்டு, ஆனால் அதில் மண் கடிபடாதாம்.

அதற்கு முன்பே மாங்குளத்தடியில் தேன் சோதனை நடந்து முடிந்திருக்கும். வீதியோரம் போத்தலில் விற்கும் தேனில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவார். தீக்குச்சியைத் தோய்த்து உரசுவார். எறும்பு வருகிறதா என்று குந்தியிருந்து பார்ப்பார். சீனிப்பாகைத் தேனிலிருந்து பிரித்தறிய இந்த மூன்றும் உதவாது. உண்மையான சோதனைக்கு ஆய்வுகூடம் வேண்டும். போன முறை, விற்கும் பெண்பிள்ளை பொறுமையாக நின்று பார்த்துவிட்டு, "ஐயா, நீங்கள் பிரான்ஸோ, சுவிஸோ?" என்று மட்டும் கேட்டாள். விலை அந்தக் கேள்வியோடு ஏறிவிட்டது.

கிளிநொச்சியில் தங்கச்சி வீட்டில் மேசை நிறையச் சாப்பாடு. பிறைட் றைஸ், டெவல் கோழி, சோசேஜ், நடுவில் சிவப்பாக ஒரு போத்தல் சோஸ். அண்ணை குரக்கன் பிட்டு இல்லையா என்று கேட்டார். தங்கச்சி திகைத்துப்போனாள். "அண்ணை, வெளிநாட்டில இருந்து வந்தனீங்கள். உங்களுக்குக் குரக்கன் பிட்டுத் தந்தால் சனம் என்ன சொல்லும்?" மருமகன் தன் பங்குக்கு நகரத்துப் பேக்கரியில் தேடி நீளப் பாண் ஒன்று வாங்கி வந்து வைத்தான், மாமாவுக்குப் பழக்கமான சாப்பாடு என்று. அண்ணை அதைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். மெல்ல மெல்ல அவருடைய முகம் கோணியது. எங்கட லா சப்பல் பாண் இப்படி இராது என்று அவர் தொடங்கியபோது, அவருடைய மனைவி எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.

இந்த வருடம் அவர் வேறு ஏற்பாடு செய்திருக்கிறார். மாடிக்கு மேல் மாடியில் இருக்கும் முல்லைத்தீவுப் பெடியன் கல்யாணம் கட்ட யூன் மாதம் போகிறான். செய்தி வந்த அன்றிரவே அண்ணை படியேறினார். கையில் பட்டியல்: கட்டாக் கருவாடு, தங்கச்சி வறுத்து இடித்த மிளகாய்த்தூள், கச்சான், உழுத்தம்மா, தேன் ஒரு போத்தல். பாலைப்பழத்தைக் கொண்டுவர வழியில்லை. ஆகவே அவன் ஏ9 ஓரத்தில் நின்று நாலு பழம் தின்று, அதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும்.

"அண்ணை, ஏற்கெனவே எட்டுப் பேர் லிஸ்ட் தந்திட்டினம். முப்பது கிலோதான் விடுவாங்கள். என்ர உடுப்பு வைக்கவே இடமில்லை."

அண்ணை படிக்கட்டில் நின்று யோசித்தார்.

"வரேக்க என்னத்துக்கடா உனக்கு உடுப்பு? அங்க ஆருக்கும் குடுத்திட்டு வா."