குரோமியத்தைக் கச்சிதமாக வீணாக்குவது எப்படி?

வாணியம்பாடியில் டேனரி வைக்கப் போகிறீர்களா? வாழ்த்துகள். வழக்கமான முறையில் பதனிட்டால், டிரம்மில் போட்ட குரோமியத்தில் சுமார் 60 முதல் 70 சதவீதம் தோலில் ஏறும், மீதி தண்ணீரோடு போகும். கொஞ்சம் மெனக்கெட்டால் போவதை இன்னும் கூட்டலாம். அதற்கான வழிகள் இதோ.

1. உலோகத்தை மட்டும் பாருங்கள்.
குரோம் பவுடரில் குரோமியம்தான் சரக்கு, மற்றதெல்லாம் எடைக்குச் சேர்த்தது என்று நம்புங்கள். குரோமியத்தைச் சுற்றி ஆறு இடங்கள் உண்டு. அவற்றில் தண்ணீர், சல்பேட், ஹைட்ராக்சைடு போன்ற ஈனிகள் உட்கார்ந்திருக்கும். சில ஈனிகள் எழுந்து இடம்விட்டு, தோலின் கொலாஜனில் உள்ள கார்பாக்சில் தொகுதிகள் அங்கே வந்து பிடித்தால்தான் தோல் பதனாகும். இந்தச் சுற்றத்தின் அமைப்பைக் கண்டு சொன்னதற்காக ஆல்ஃபிரட் வெர்னருக்கு 1913இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். உங்களுக்கு அந்த வம்பு வேண்டாம்.

2. காரத்தை ஒரே வாளியாகக் கவிழ்த்துவிடுங்கள்.
பிக்கிள் செய்த, அதாவது உப்பும் அமிலமும் ஏற்றிய தோலில் pH 3க்குக் கீழே இருக்கும். அந்த அமிலத்தில் கார்பாக்சில் தொகுதிகள் குரோமியத்தை எளிதில் பிடிக்காது. அதனால்தான் அது தோலின் நடுவரை போய்ச் சேர்கிறது. விவரம் தெரிந்த மேஸ்திரி அதன்பிறகே சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்து, தவணை தவணையாக விட்டு, pHஐ 3.8 பக்கம் ஏற்றுவார். நீங்கள் மொத்தமாக ஊற்றுங்கள். குரோமியம் மேலேயே பிடித்துக்கொள்ளும், நடுப்பகுதி பதனாகாமல் நிற்கும், மிச்சம் பச்சைப் படிவாகும்.

3. ஃபார்மேட்டை அளக்காதீர்கள்.
சோடியம் ஃபார்மேட் சில இடங்களைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்து, குரோமியம் அவசரப்பட்டுப் படியாமல் பார்த்துக்கொள்ளும். அதை அடியோடு தவிர்த்துவிட்டால் இரண்டாம் வழியின் பலன் தானாகக் கிடைக்கும். இன்னும் சுவை வேண்டுமென்றால் ஆக்சலேட்டை அள்ளிப் போடுங்கள். அது பிடித்த இடத்தை விடாது. தோலுக்கு இடமிருக்காது, குரோமியம் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

4. ஒரு ராத்திரி காத்திருக்காதீர்கள்.
குரோமியம்(III) ஈனிகளை மாற்றிக்கொள்வதில் மகா மந்தம். மணிக்கணக்காகும், சில சமயம் நாள்கணக்காகும். டிரம்மிலிருந்து இறக்கி அடுக்கிவைத்த வெட் ப்ளூ (குரோமில் பதனாகி நீலமாக, ஈரமாக இருக்கும்) தோலிலும் அந்த மாற்றம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே உடனே அலசிவிடுங்கள். பதனானதா என்று அறிய ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

5. நிக்கல் வேதியியல் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.
ஈனிகள் சும்மா உட்கார்ந்திருக்கும் என்ற நம்பிக்கை அங்கே கலைந்துவிடும். 1991இல் வேதியியலாளர் ஆர்டுவெங்கோ நிலையான கார்பீன் (இரு பிணைப்புகள் மட்டுமுள்ள கார்பனைக் கொண்ட சேர்மம்) ஒன்றைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். பிறகு அந்த வகைக் கார்பீன்களை நிக்கல் போன்ற உலோகங்களுக்குத் தாங்கும் ஈனியாகக் கட்டினார்கள். ஒட்டினால் நகராது, வினையில் தலையிடாது என்பது நம்பிக்கை. ஆனால் அதே நிக்கலில் மெத்தில் தொகுதியும் இருந்தால், கார்பீன் அதோடு சேர்ந்து இமிடசோலியம் உப்பாகக் கழன்றுவிடுவது தெரியவந்தது. நிக்கல் ஒடுக்கம் அடைந்து வினையூக்கி செத்தது. தாங்க வந்தவரே வினையில் இறங்கிவிட்டார். இதைப் படித்தால், டிரம்மில் சல்பேட்டும் ஃபார்மேட்டும் சும்மா இல்லையோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

6. எல்லாக் கழிவுநீரையும் ஒரே வாய்க்காலில் விடுங்கள்.
குரோம் தண்ணீரைத் தனியே பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி டிரம்முக்கே போடலாம். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதைப் பல காலமாகச் சொல்லிவருகிறது. உப்புத் தண்ணீரோடும் சுண்ணாம்புத் தண்ணீரோடும் கலந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பாலாற்றுக் கிணறுகளுக்கும் ஒரு பங்கு போகும். 1996இல் உச்ச நீதிமன்றம் இந்த மாசுக்காக டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஜனவரியிலும் அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஆகவே அவகாசம் நிறைய உண்டு.

7. கடுக்காயை மறந்துவிடுங்கள்.
மீன் எண்ணெய் போட்டுச் சூட்டில் உலர்த்தினால் குரோமியம்(III)இல் கொஞ்சம், நச்சான குரோமியம்(VI) ஆகலாம். ஐரோப்பா 2015 மே முதல் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் ஏற்பதில்லை. மரப்பட்டை, காய்களின் துவர்ப்புச் சத்தைக் கொண்டு மறுபதனிட்டால் அது குறையும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தாத்தா காலத்துச் சமாச்சாரம் என்று சொல்லிக் கடந்துவிடுங்கள்.

இத்தனையும் கடைப்பிடிக்க முடியாதவர்கள் காரத்தைத் தவணையில் விட்டு, ஃபார்மேட்டை அளந்து போட்டு, ஒரு ராத்திரி பொறுத்து, குரோம் தண்ணீரைத் தனி வாய்க்காலில் பிடிக்கலாம். ஆனால் பின்விளைவு உண்டு. வாங்கிய குரோமியம் தோலிலேயே தங்கிவிடும். அடுத்த மாதம் ஆர்டர் கேட்டு வரும் குரோம் பவுடர் ஏஜெண்ட் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.