கடைசி லெவலில் ஒரு மகாராணி

கற்பனை உலக வீடியோ கேம்களில் வரும் கொடுங்கோல் அரசி எப்போதும் வரைபடத்தின் கடைக்கோடியில்தான் குடியிருப்பாள். அவள் அரண்மனைக்கு ஒரே வாசல். ஏழெட்டு ஊர் சுற்றிச் சாவிகளைத் திரட்டி வந்தவனுக்கே அது திறக்கும். உள்ளே கூரை தெரியாத உயரத்துக்குத் தூண்கள், நீளச் சிவப்புக் கம்பளம், அதன் முடிவில் முள் முளைத்த சிம்மாசனம். சமையலறை இருக்காது, படுக்கையறையும் கிடையாது. வாளோடு ஒரு பொடியன் என்றைக்காவது வருவான் என்று உண்ணாமல் உறங்காமல் உட்கார்ந்திருப்பதுதான் அவள் பார்க்கும் ஒரே ராஜாங்கக் காரியம்.

உடையும் ஏறத்தாழ சீருடைதான். தோளில் இரும்பு முட்கள், காற்றே புகாத மண்டபத்திலும் படபடக்கும் மேலங்கி, நிமிர்ந்தால் தூணில் இடிக்கும் கிரீடம். பேசுவதற்கு முன் சிரிப்பாள், பேசி முடித்தும் சிரிப்பாள். எதிரியை உடனே கொல்லும் வசதி கையில் இருந்தும், தன் திட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை விளக்கிவிட்டுத்தான் சண்டைக்கு இறங்குவாள். அவளுடைய காவலர்கள் எட்டடி நடந்து திரும்புவார்கள், மறுபடி எட்டடி. பக்கத்தில் நிற்பவன் வெட்டுப்பட்டு விழுந்தால் “யாரது?” என்று ஒரு தரம் கேட்டுவிட்டு நடையைத் தொடர்வார்கள். நாட்டில் எல்லாரும் பட்டினி கிடக்க, இத்தனை பேருக்கும் சம்பளம் எந்த வரியிலிருந்து வருகிறது என்பதை எந்த கேமும் சொன்னதில்லை.

இந்த வம்சத்தில் பேர்போனவர்கள் சிலர் உண்டு. 1995-இல் வெளியான ‘க்ரோனோ ட்ரிகர்’ விளையாட்டின் ஸீல் அரசி, அழிவு சக்தி ஒன்றின்மேல் பித்துக்கொண்டு, அதை எழுப்பும் வேலைக்குத் தன் மகளையே பயன்படுத்துகிறாள். 2000-இல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 9’-இன் பிரானே அரசி, மகளுக்குள் உறங்கும் மந்திர ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டு அக்கம்பக்கத்து நாடுகளை எரிக்கிறாள். ‘வார்கிராஃப்ட்’ உலகத்தின் அஸ்ஷாரா தன் அழகில் தானே மயங்கி, கடைசியில் கடலுக்கடியில் பாம்புடல் கொண்டவர்களுக்கு அரசியாகிறாள். முதல் இருவரிடமும் பொதுவிதி ஒன்று தெரிகிறது: மகளோ மகள் முறையுள்ளவளோ ஒருத்தி வீட்டிலேயே இருப்பாள், கதை அவள் பக்கம்தான் சாயும். அல்லி தர்பார் கதை கேட்டு வளர்ந்து, ‘படையப்பா’ நீலாம்பரியைக் கைதட்டி வரவேற்ற தமிழர்களுக்கு இந்தப் பெண்மணி புதியவள் அல்ல. நீலாம்பரிக்கு லெவல் கிடையாது என்பதுதான் வித்தியாசம்.

டெல்லிப் பையன்கள் கன்னாட் பிளேஸில் பூமிக்கடியில் இருக்கும் பாலிகா பஜாரில் பேரம் பேசி, கேம்களோடு இந்த அரசிகளையும் வாங்கிப் போனார்கள். மெஹ்ரோலி, குதுப் மினார் பக்கம் போயிருந்தால் பேரம் இல்லாமலே ஒருத்தி கிடைத்திருப்பாள். 1236-இல் ஏழு மாதம்கூட நிறையாமல் டெல்லியை ஆட்டிவைத்த ஷா துர்கான், கேம் கம்பெனிகள் எழுதிவைத்த இலக்கணத்துக்கு அச்சாகப் பொருந்துகிறார்.

துருக்கிய அடிமைப் பெண்ணாக வந்து, சுல்தான் இல்துத்மிஷின் அந்தப்புரத்தில் முதலிடத்துக்கு உயர்ந்தவர் அவர். 1236 ஏப்ரல் இறுதியில் சுல்தான் கண்மூடினார். மகன்களைவிட மகள் ரஸியாவே ஆளத் தகுந்தவள் என்று அவர் சொல்லியிருந்தார். பிரபுக்களோ ஷா துர்கானின் மகன் ருக்னுத்தீன் ஃபிரோஸை அரியணையில் ஏற்றினார்கள். புதிய சுல்தானுக்கு யானைமேல் ஏறிக் கடைவீதியில் பொற்காசு வாரி இறைப்பதில் இருந்த ஆர்வம் ஆட்சியில் இல்லை. பாடகர்களுக்கும் விதூஷகர்களுக்கும் யானைப்பாகர்களுக்கும் அது பொற்காலம். ஆணைகளைத் தாயே பிறப்பிக்கத் தொடங்கினார்.

அதிகாரம் கைக்கு வந்ததும் அவர் முதலில் திறந்தது அந்தப்புரத்துப் பழைய கணக்கை. தன்னை மட்டம் தட்டிய சக்களத்திகள் சிலர் அவமானப்பட்டார்கள், சிலர் உயிரையே இழந்தார்கள். இல்துத்மிஷின் இன்னொரு மகனான குத்புத்தீன் என்ற இளைஞனின் கண்கள் பறிக்கப்பட்டன, பிறகு அவன் கொல்லப்பட்டான். இதன்பின் முல்தான், லாகூர், ஹான்சி, பதாவுன் ஆளுநர்கள் கொடி தூக்கினார்கள். அவத்தில் சுல்தானின் தம்பியே கிளம்பினான். பிரதம அமைச்சர் ஜுனைதி கிலோக்ரியிலிருந்து ஓடிப்போய்க் கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். (அந்தக் கிலோக்ரி இன்று மகாராணி பாக் என்ற பணக்காரக் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் இந்தக் கதையை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள்.) எந்த கேமிலும் அரசியை விட்டு அமைச்சர் ஓடுவதில்லை. அங்கே அவரைத் தனியாக வென்றாக வேண்டும்.

மகன் கலகத்தை அடக்கப் படையோடு வெளியேறிய வேளையில் ஷா துர்கான் ரஸியாவைத் தீர்த்துக்கட்டத் திட்டமிட்டார். செய்தி கசிந்தது. நகரத்து மக்கள் அரண்மனைக்குள் புகுந்து அரசியைப் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். தோற்றபின் பாம்பாகவோ டிராகனாகவோ மாறி மறுபடி எழும் இரண்டாம் ரூபம் ஷா துர்கானுக்கு வாய்க்கவில்லை. ரஸியா அரியணை ஏறினார். திரும்பிவந்த ருக்னுத்தீனைக் கிலோக்ரியில் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். நவம்பரில் அவனும் முடிந்தான்.

நூறாண்டு கழித்து டெல்லிக்கு வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா கேட்டு எழுதிய கதை இன்னும் அழகானது. டெல்லியில் எல்லாரும் வெள்ளை உடுத்துவார்கள். அநீதிக்கு ஆளானவர் சாயமேற்றிய ஆடை உடுத்தி நின்றால் போதும், சுல்தான் விசாரிப்பார் என்று இல்துத்மிஷ் வழக்கம் ஏற்படுத்தியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ரஸியா அந்த ஆடையோடு பெரிய மசூதிக்கு அருகிலிருந்த பழைய அரண்மனையின் மேல்தளத்தில் ஏறி, தொழுகைக்குக் கூடியவர்களிடம் தந்தையின் பெயரைச் சொல்லி முறையிட்டாராம். கேம் தயாரிப்பாளர்களுக்கு இந்த முடிவால் பைசா பிரயோஜனமில்லை. மாடியில் நின்று நாலு வார்த்தை பேசினால் ஆட்சி கவிழும் என்றால், நாற்பது மணிநேரம் சாவி தேடுவதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. இப்னு பதூதாவின் கதையில் கொடியவன் மகன்தான். தாயை வில்லியாக்கியவர், அதே காலத்தில் வாழ்ந்து 1260 வாக்கில் ‘தபகாத்-இ-நாசிரி’யை எழுதி முடித்த மின்ஹாஜ்-இ-சிராஜ். அவர் ரஸியாவிடம் பதவி பெற்றவர். அவரே ஷா துர்கான் அறிஞர்களுக்கும் இறையடியார்களுக்கும் கை ஓயாமல் கொடுத்தவர் என்றும் எழுதி வைத்திருக்கிறார். வீடியோ கேமிலும் அரசியின் நல்ல காலம் ஏதோ ஒரு அலமாரிக் கடிதத்தில் எழுதியிருக்கும். விளையாடுகிறவன் அதைப் படிக்காமல் தாண்டிப் போவான். கொலைகள் பொய் என்று சொல்ல இடமில்லை. ஆனால் ஷா துர்கான் சிரித்தாரா, சிரித்திருந்தால் என்ன சொல்லிச் சிரித்தார் என்பதை எழுதும் பேனா எதிர்த்தரப்பில்தான் இருந்தது. அந்த வகையில் கேமுக்கு வசனம் எழுதுகிறவர்கள் மின்ஹாஜின் வாரிசுகள்.

வென்ற ரஸியாவுக்கும் ஆட்சி நீடிக்கவில்லை, 1240-இல் கொல்லப்பட்டார். பழைய டெல்லியில் துர்க்மான் கேட் அருகே, புல்புலி கானா சந்துக்குள் இருக்கும் இரண்டு கல்லறைகளில் ஒன்றை அவருடையதென்று காட்டுகிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் வாசலின் பெயரைக் கேட்டுவிட்டு இது ஷா துர்கான் கட்டியதோ என்று மயங்க வேண்டாம். அந்தப் பெயர் அதே நூற்றாண்டில் அங்கே அடக்கமான ஷா துர்க்மான் பயாபானி என்ற சூஃபியுடையது.