ஈரத்தலைக் கோட்பாடு: தடுமன் குறித்த ஒரு குற்றவியல் ஆய்வு

வீட்டில் முதல் தும்மல் விழுந்ததும் மருத்துவம் தொடங்குகிறது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் தொடங்குவது விசாரணை. "நேத்து ராத்திரி தலைக்குக் குளிச்சிட்டு துவட்டாம படுத்தியே, அப்பவே சொன்னேன்" என்று குற்றப்பத்திரிகை வாசிக்கப்படும். குளிக்கவே இல்லை என்று பிரதிவாதி நிரூபித்தால் வழக்கு தள்ளுபடி ஆகாது, ஐஸ்கிரீமுக்கு மாறும். அதுவும் இல்லையென்றால் ராத்திரி தயிர், இளநீர், பஸ்ஸில் ஜன்னலோர சீட், ஐந்தில் சுற்றிய ஃபேன் என்று பிரிவுகள் நீளும். கடந்த இரண்டு நாளில் குளிக்காமலும் தயிர் தொடாமலும் காற்றே படாமலும் இருந்த தமிழர் ஒருவர்கூட இல்லாத காரணத்தால், ஈரத்தலைக் கோட்பாடு இன்றுவரை எந்த வீட்டிலும் தோற்றதில்லை.

மொழியும் அரசுத் தரப்புக்கே சாட்சி சொல்கிறது. ஜலதோஷம் என்றாலும் நீர்க்கோர்வை என்றாலும் பழி தண்ணீர் மேல்தான். தடுமன் மட்டும் நடுநிலை வகிக்கிறது. வினைச்சொற்களின் போக்கு இன்னும் விசித்திரம். சளி நம்மைப் பிடிக்கிறது. பதிலுக்கு நாம் ஆவி பிடிக்கிறோம்.

தலை ஈரத்துக்கும் மூக்கு ஒழுகலுக்கும் உள்ள தொடர்பை வெள்ளைக்காரர்கள் அரசுச் செலவிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகருக்கு அருகே, போர்க்கால மருத்துவமனையாக இருந்த கொட்டகைகளில் 1946-ல் ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் திறந்தார்கள். தங்கல் இலவசம், சாப்பாடு இலவசம், கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. பத்து நாள் தங்கி, மூக்கில் சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும். சொட்டில் வைரஸ் இருக்கலாம், வெறும் உப்புநீராகவும் இருக்கலாம். வந்தவர்கள் மூக்கு சிந்திப்போட்ட காகிதத்தைக்கூட எடைபோட்டுக் குறித்துவைத்தார்கள். மூக்குச்சளியைத் தராசில் நிறுத்த நாகரிகம் என்ற அளவில் இந்த நிலையத்துக்கு வரலாற்றில் தனி இடம் உண்டு. 1965-ல் மனிதரைத் தொற்றும் கொரோனா வைரஸ் ஒன்றை டேவிட் டிரெல் குழுவினர் அடையாளம் கண்டதும் இங்கேதான். அப்போது அது வெறும் மூக்கொழுகல் சமாச்சாரம்.

நமக்கு வேண்டிய சோதனை வேறு. நிலையத்தை நிறுவிய கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், சிலரை வெந்நீரில் குளிக்கவைத்து, ஈரம் சொட்டச் சொட்ட, காற்று வீசும் நடையில் அரை மணி நேரம் நிறுத்தினார். போதாதென்று, அன்று காலை முழுக்க நனைந்த காலுறையோடு நடமாடவிட்டார். தமிழ்த் தாய் எவரும் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பார். முடிவு: நடுங்கியவர்களுக்குக் கூடுதலாக எதுவும் பிடிக்கவில்லை.

வழக்கு இத்தோடு முடிந்ததென்று பிள்ளைகள் மகிழ வேண்டாம். 2005-ல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஜலதோஷ ஆய்வு மையத்தார் மேல்முறையீடு செய்தார்கள். 180 பேரில் பாதிப்பேர் 20 நிமிடம் குளிர்ந்த நீரில் வெறுங்காலை வைத்திருந்தார்கள். மறுபாதி செருப்பும் காலுறையுமாகக் காலி வாளியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தது. அடுத்த நாலைந்து நாளில் தடுமன் வந்ததாகச் சொன்னவர்கள் ஈரக்கால் அணியில் 13, காலிவாளி அணியில் 5. கால் குளிர்ந்தால் மூக்கின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ஏற்கெனவே உள்ளே சத்தமில்லாமல் குடியிருந்த கிருமி தலையெடுக்கும் என்பது அவர்கள் ஊகம். யாருடைய மூக்கிலும் வைரஸ் இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கவில்லை, சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள். இருந்தாலும் எட்டுப் பேர் கூடுதல். தாய்மார் தரப்பு இதை எந்த வாட்ஸ்அப் குழுவில் வேண்டுமானாலும் பகிரலாம்.

உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் ரைனோவைரஸ். 160-க்கும் மேற்பட்ட வகை. ஒன்றுக்கு உடம்பு எதிர்ப்பைக் கற்றுக்கொண்டால், அடுத்தது வேறு வேஷத்தில் வரும். வருடத்துக்கு இரண்டு வீதம் எல்லா வகையையும் சந்தித்து முடிக்கக் குறைந்தது 80 ஆண்டு ஆகும்; பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வருடத்துக்கு ஆறெட்டு முறை என்று வேகமாகப் பாடத்தை முடிக்கப் பார்க்கிறார்கள். உடம்பின் உட்சூட்டைவிடக் குறைவான 33 டிகிரி செல்சியஸ்தான் ரைனோவைரஸுக்கு உகந்தது என்பதால் மூக்கில் கூடாரம் போடுகிறது.

எப்படிப் பரவுகிறது? இங்கே ஆய்வுலகின் மகத்தான சீட்டுக்கச்சேரியைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எலியட் டிக் என்பவர், தடுமன் முற்றிய ஆட்களையும் நல்ல மூக்குக்காரர்களையும் ஒன்றாக உட்காரவைத்து மணிக்கணக்கில் போக்கர் ஆடவிட்டார். நல்ல மூக்குக்காரர்களில் பாதிப்பேர் முகத்தைத் தொடவே முடியாதபடி கைக்குத் தடுப்பு. மூக்கு அரித்தால்கூடச் சொறிய வழியில்லாமல் சீட்டாடுவதை மனக்கண்ணில் பார்க்கவும். தடுப்பு உள்ளவர்களில் 18-க்கு 10 பேருக்கும், இல்லாதவர்களில் 18-க்கு 12 பேருக்கும் தொற்றியது, பெரிய வித்தியாசமில்லை. அடுத்து, எட்டு நோயாளிகள் 12 மணி நேரம் கையாண்டு பிசுபிசுத்துப்போன சீட்டுக்கட்டை இன்னொரு அறையில் நலமாக இருந்த 12 பேரிடம் கொடுத்தார்கள். ஒருவருக்கும் வரவில்லை. 1987-ல் வெளியான இந்த ஆய்வு காற்றின் பக்கமே கை காட்டியது. ஆனாலும் கைவழியாகவும் பரவலாம் என்பதற்கு வேறு ஆய்வுகள் உண்டு. சோப்பைத் தூக்கி எறிய இது அனுமதிச்சீட்டு ஆகாது. வீட்டு வழக்கில் இதன் பொருள் தெளிவு: ஈரத்தலையை விசாரிக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்துவைத்திருக்கலாம். ஜன்னலை மூடுவதுதான் நாம் முதலில் செய்யும் வேலை.

இனி தடயவியல். நாலாம் நாள் காலை, கைக்குட்டையை விரித்து வெளிச்சத்தில் பார்க்கும் ஒரு சடங்கு உண்டு. தண்ணீராக ஓடியது கெட்டியாகி, மஞ்சளாகி, பச்சையாகியிருக்கும். "பச்சையா வருது, ஆன்டிபயாடிக் போட்டாத்தான் நிக்கும்" என்று தீர்ப்பு எழுதப்படும். அந்தப் பச்சைக்குக் காரணம் நம் ரத்த வெள்ளையணுக்கள். கிருமியோடு சண்டைபோட அவை வைத்திருக்கும் நொதியில் இரும்பு இருக்கிறது, அதன் நிறம் பச்சை. வைரஸ் தொற்றிலும் பச்சை வரும். ஆக, கைக்குட்டையில் இருப்பது நம் படையின் சீருடை.

ஆனால் தெருமுனை மருந்துக்கடையில் சீட்டில்லாமலே மூன்று நாள் அசித்ரோமைசின் கைக்கு வந்துவிடும். வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது. நாலாம் நாள் ஆரம்பித்தால் ஆறாம் நாள் மாத்திரை முடியும். தடுமனும் தன் கணக்கில் அந்த வாக்கில்தான் முடியும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நாம் காக்கைக்குக் கோயில் கட்டுகிறோம். 2023 மார்ச்சில் ஊரெல்லாம் இருமியபோது, ஆன்டிபயாடிக் வேண்டாம், காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும், இருமல் மூன்று வாரம்வரை நிற்கலாம் என்று இந்திய மருத்துவச் சங்கமே அறிவிக்க வேண்டியிருந்தது. அடைப்பை நீக்குவதாகச் சொல்லிப் பல சளி மாத்திரைகளில் சேர்க்கப்படும் ஃபினைலெஃப்ரின், வாய்வழி எடுத்தால் மூக்கடைப்புக்குப் பயனில்லை என்று அமெரிக்க நிபுணர் குழு அதே ஆண்டு சொன்னது. மூக்கில் விடும் சொட்டு மருந்து வேலை செய்கிறது, சிக்கலே அதுதான். சில நாளைக்கு மேல் விட்டால் மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிட இறுகும், மறுபடி சொட்டு தேடும். கந்துவட்டியின் இலக்கணம் இதில் அப்படியே இருக்கிறது.

தைலத்தின் கதை இதைவிட நயமானது. 1893-ல் நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கி, பிறகு சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சனத்தின் வாசம் தெரியாத மூக்கு நம் ஊரில் குறைவு. தைலங்களில் உள்ள மென்தால் அடைப்பைத் திறப்பதில்லை. குளிரை உணரும் நரம்பைத் தட்டி எழுப்பி, காற்று தாராளமாகப் போவதுபோல் மூளையை நம்பவைக்கிறது. பொய்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பொய்க்கு ஒரு விலை உண்டு. ஆவி பிடிப்பதும் இதமே. பெரிய நிரூபணம் இல்லை, கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதற்கோ நிறைய உதாரணங்கள் உண்டு. பிள்ளைகளைச் சட்டிக்கு முன்னால் உட்காரவைக்க வேண்டாம். இருமலுக்குத் தேன் நல்லதுதான், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. மூச்சு வாங்கினாலோ, குழந்தையின் விலா உள்வாங்கினாலோ, காது வலித்தாலோ, காய்ச்சல் விட்டுத் திரும்ப வந்தாலோ விசாரணையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

எஞ்சியிருப்பது மிளகு ரசம். சூடான பழச்சாறு குடித்தவர்களுக்கு மூக்கின் காற்றோட்டம் மாறவில்லை, ஆனால் தும்மல், இருமல், தொண்டைவலி எல்லாம் உடனே குறைந்ததாகத் தோன்றியது என்று அதே கார்டிஃப் மையம் 2008-ல் கண்டது. ரசத்துக்கும் இப்படி ஒரு சோதனை நடத்த இதை எழுதும் ஆய்வாளருக்கு ஆசை. மிளகு போட்டது ஒரு டம்ளர், மிளகில்லாதது ஒரு டம்ளர். எது எதுவென்று குடிப்பவருக்குத் தெரியக் கூடாது. வாசனை தெரியாத அடைத்த மூக்கைவிட இதற்குத் தோதான ஆள் கிடையாது. ஆனால் காரம் வாசனை நரம்பைக் கேட்டு நடப்பதில்லை; முதல் மடக்கிலேயே தொண்டை காட்டிக்கொடுத்துவிடும். அதைவிடப் பெரிய தடை ஒன்று. தடுமன் பிடித்த பிள்ளைக்கு, ஒப்பீட்டுக்காக மட்டும், மிளகில்லாத ரசம் வைத்துக்கொடுக்க எந்த அம்மாவும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. படிவம் நீட்டப்பட்ட ஒருவர், ஆய்வாளரின் தலையைத் தொட்டுப் பார்த்து, "ஈரமா இருக்கே" என்றார்.