பல் துலக்குபவன் எழுதும் நன்றிக் கடிதம்

அனுப்புநர்: தினம் இரு வேளை பல் துலக்கும் வாடிக்கையாளன், அங் மோ கியோ, சிங்கப்பூர்.

பெறுநர்: மேலாண்மை இயக்குநர் அவர்கள், ஹாலி அண்ட் ஹேசல் பற்பசை நிறுவனம்.

நகல்: பாதிப் பங்குக்காரர்களான கோல்கேட் பாமோலிவ் நிறுவனத்தார், நியூயார்க்.

பொருள்: 88 ஆண்டுகள் எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். என் பற்களும் நலம். கடைவாயில் ஒன்று மட்டும் ஆட்டம் கண்டிருக்கிறது. அதற்குப் பொறுப்பு நீங்களல்ல, தேக்காவில் விற்கும் ஜிலேபி.

இதைப் புகார்க் கடிதம் என்று எண்ணிவிட வேண்டாம். புகார் என்றால் அதை எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வி முதலில் வரும். உங்கள் கம்பெனியின் வரலாறு தெரிந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய கேள்வி என்பதும் தெரியும். தமிழில் எழுதினால் நீங்கள் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் தமிழில் எழுதுகிறேன். இந்தத் தைரியத்தைக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். முதல் நன்றி அதற்கு.

எண்பதுகளில் எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக் குளியலறையில், கண்ணாடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். இடது ஓரத்தில் பாட்டியின் கோபால் பற்பொடி. ரோஸ் நிறம், மூடி எப்போதும் சரியாக மூடாது. நடுவில் உங்கள் டியூப். அதில் உயரத் தொப்பியும் கழுத்தில் வில் முடிச்சும் கட்டிய கரிய மனிதர், வாய் கொள்ளாச் சிரிப்போடு. பக்கத்தில் டார்க்கி என்று ஆங்கிலத்தில் பெயர். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைப் பொருளோடு படித்ததில்லை. 'கோல்கேட் எங்கடா?' என்று அப்பா கேட்டால், உங்கள் டியூபை எடுத்து நீட்டுவோம். எந்தப் பற்பசையாக இருந்தாலும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கோல்கேட்தான். பின்னாளில் அந்தக் கோல்கேட்டே உங்கள் பாதியை வாங்கிப் போட்டது. எங்கள் அப்பாவின் வாக்கு பலித்த சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

அந்தத் தொப்பிக்காரர் யார் என்பது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. 1933இல் ஷாங்காயில் தொடங்கிய கம்பெனி உங்களுடையது. உங்கள் முதலாளி அமெரிக்காவில் ஆல் ஜோல்சன் என்ற பாடகரைப் பார்த்தாராம். கறுத்த முகத்தில் பற்கள் பளிச்சென்று தெரிந்தனவாம். பற்பசை விற்க இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றியதாம். இதில் ஒரு சின்னச் சங்கடம். ஜோல்சன் கறுப்பர் இல்லை. லித்துவேனியாவில் பிறந்த வெள்ளைக்காரர். கறுப்பர் வேடத்துக்காக முகத்தில் கரியை அப்பிக்கொண்டு, உதட்டைச் சுற்றி வெள்ளை தீட்டிக்கொண்டு மேடையேறியவர். கரியை அப்பிக்கொண்டால் யாருடைய பல்லும் பளிச்சென்றுதான் தெரியும், ஐயா. அதற்குப் பற்பசை எதற்கு?

அந்தக் காலத்து அமெரிக்க மேடையில் இந்த வேடம் ஒரு தனித் தொழில். கறுப்பர் என்றால் சோம்பேறி, கோமாளி, கண்ணை உருட்டிப் பல்லிளிப்பவர் என்று காட்டிக் கைதட்டு வாங்கும் தொழில். கறுப்பருக்கு நுழையவே அனுமதி இல்லாத அரங்குகளிலும் அவர் முகத்துக்கு மட்டும் முதல் மரியாதை. நீங்கள் அந்த முகத்தைக் கப்பலேற்றிக் கீழை நாடுகளுக்குக் கொண்டுவந்து, காலைக்கடனோடு சேர்த்துவிட்டீர்கள்.

1985இல் கோல்கேட் 5 கோடி டாலர் கொடுத்து உங்களில் பாதியை வாங்கியது. அமெரிக்காவில் விவரம் தெரிந்ததும் தேவாலயக் கூட்டமைப்புகளும் பங்குதாரர்களும் கறுப்பினத் தலைவர்களும் பிடித்துக்கொண்டார்கள். மூன்று வருடத்துக்கு மேல் யோசித்து, 1989 ஜனவரியில் கோல்கேட் தலைவர் ரூபன் மார்க் மன்னிப்புக் கேட்டுப் பெயர் மாற்றத்தை அறிவித்தார். டார்க்கி, டார்லி ஆனது. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், மாறியது ஒரே ஓர் எழுத்து. மனசாட்சி இவ்வளவு சிக்கனமாக வேலை செய்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தொப்பிக்காரரும் வெளுத்தார். இன்ன இனம் என்று சொல்ல முடியாத முகம் ஒன்று அதே தொப்பியோடு வந்து நின்றது.

1991இல் தேசிய சேவைக்கு, ராணுவ முகாமுக்குப் போனேன். விடியற்காலை ஐந்தரை மணி. வரிசையாகக் குழாய்கள், வரிசையாக மொட்டைத் தலைகள், எல்லார் வாயிலும் நுரை. பக்கத்துக் கட்டில்காரன் சீனப் பையன், நல்லவன். என் பூட்ஸுக்குப் பாலிஷ் போடச் சொல்லிக்கொடுத்தவன். என் பேஸ்ட் தீர்ந்துபோய் அவனுடையதை வாங்கினேன். டார்லி. டியூபைத் திருப்பினால் பெரிதாக நான்கு சீன எழுத்துகள். இது என்னடா என்று கேட்டேன். 'ஹெய் ரென் யா காவ்' என்றான்.

யா காவ் என்றதும் எனக்கு, பள்ளியில் மனப்பாடம் செய்த அடக்கமுடைமைக் குறள் ஞாபகம் வந்துவிட்டது. நாக்கைக் காத்துக்கொள்ளச் சொல்லும் குறள். சிரித்துவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்றேன். 'யா காவ் என்றால் டூத் பேஸ்ட்.' சரி, ஹெய் ரென்? அவன் நுரையைத் துப்பினான். கண்ணாடியில் என்னைப் பார்த்தான். குழாயைத் திறந்தான், மூடினான். 'பிராண்ட் பெயர்தான் லா' என்றான்.

நானும் விடவில்லை. மதியச் சாப்பாட்டு வரிசையில் இன்னொருவனைக் கேட்டேன். அவன் கூச்சப்படவில்லை. ஹெய் என்றால் கறுப்பு, ரென் என்றால் ஆள். கறுப்பு ஆள் பற்பசை. 'உன்னைச் சொல்லலை, டோண்ட் வொரி' என்று தோளில் தட்டிவிட்டு, கோழிக்குழம்பு வாங்க நகர்ந்தான்.

அன்றைக்குத்தான் உங்கள் டியூபின் அமைப்பே எனக்கு விளங்கியது. ஒரு பக்கம் ஆங்கிலம், அந்தப் பக்கம் திருந்திவிட்டது. மறுபக்கம் சீனம், அந்தப் பக்கத்துக்குச் சேதியே போகவில்லை. போகாமல் என்ன, நீங்களே சீனத்தில் விளம்பரம் போட்டு, மாறுவது ஆங்கிலப் பெயர் மட்டும்தான், கறுப்பர் பற்பசை கறுப்பர் பற்பசையாகவே இருக்கும் என்று வாடிக்கையாளர்களின் வயிற்றில் பால் வார்த்திருக்கிறீர்கள். கோபப்படுகிறவன் எந்த மொழி படிப்பானோ அந்த மொழியில் மட்டும் வருத்தப்படுவது. நீங்கள் மாற்றியது பெயரையா, வாசகரையா என்று எனக்கு அப்போதே சந்தேகம். இந்த ஏற்பாட்டை 33 வருடம் நடத்திக் காட்டினீர்கள். பல்லுக்குப் பசை விற்கிற கம்பெனிக்கு ஒரு நாக்கு போதாது என்பது நியாயம்தானே.

உங்களைப் பார்த்து எங்கள் ஊரும் கற்றுக்கொண்டது. 2019 ஜூலையில், மின்னிலக்கக் கட்டணமுறை எல்லாருக்கும் உரியது என்று சொல்ல ஒரு விளம்பரம் வந்தது. எல்லாரும் என்பதைக் காட்ட ஒரே ஒரு நடிகரைப் போட்டார்கள். சீனரான டென்னிஸ் சியூ முக்காடு அணிந்து மலாய்ப் பெண்ணானார். முகத்தில் பழுப்பு பூசி இந்தியரானார். சட்டையில் 'கே. முத்துசாமி' என்று பெயர் அட்டை வேறு குத்தியிருந்தார்கள். அட்டை இல்லாவிட்டால் இந்தியர் என்று நாங்களே நம்பமாட்டோம் என்று பயந்திருக்கலாம். தீவு முழுக்க எத்தனையோ முத்துசாமிகள். ஒருவரைக் கூப்பிட்டு ஒரு நாள் கூலி கொடுத்து நிற்கவைத்திருக்கலாம். ஜோல்சன் காலத்திலிருந்து பார்க்கிறேன், இந்தத் தொழிலில் கறுப்புக்கு நல்ல கிராக்கி, கறுப்பருக்குத்தான் வேலை இல்லை.

எதிர்ப்பு கிளம்பியதும் விளம்பர நிறுவனமும் நடிகரின் முகவர் நிறுவனமும் சேர்ந்து, உள்நோக்கம் இல்லாமல் ஏற்பட்ட வருத்தத்துக்கு வருந்தின. விளம்பரம் இணைய நடைமுறை விதிகளை மீறவில்லை, ஆனால் பலர் மனம் புண்பட்டிருக்கிறது என்று ஊடக மேம்பாட்டு ஆணையம் சொன்னது. இதற்குள் இந்திய வம்சாவளி உடன்பிறப்புகள் இருவர் ராப் பாட்டு ஒன்றைக் காணொளியாக வெளியிட்டார்கள். வசவு நிறைந்த பாட்டு. சீனர் அத்தனை பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியது, எனக்குப் பிடிக்கவில்லை. காவல்துறை விசாரித்தது. அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், எப்படி? விளம்பரக்காரர்களின் மன்னிப்பு அறிக்கையை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றி, அதே வாசகங்களில். இது போலி மன்னிப்பு, மக்களை அவமதிப்பது என்று உள்துறை அமைச்சு சொல்லிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு. அந்த வாசகங்கள் போலி என்பது அவற்றை முதல் தடவை படித்தபோதே தெரிந்தது. இரண்டாம் தடவைதான் அமைச்சுக்கும் தெரிந்தது. அப்புறம் அவர்கள் ஒழுங்காக வேறு மன்னிப்பு எழுதினார்கள். இருவருக்கும் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கிடைத்தது.

2020 ஜூனில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை எதிர்த்துத் தெருவெல்லாம் கூட்டம். கடை அலமாரிகளிலும் நடுக்கம். 1889 முதல் பான்கேக் மாவு விற்றுவந்த, கறுப்பினப் பெண்ணின் முகம் தாங்கிய ஆன்ட் ஜெமைமா பிராண்ட் விடைபெறுவதாக அறிவிப்பு வந்தது. மறுநாளே கோல்கேட் உங்கள் சீனப் பெயரை மறுபரிசீலனை செய்யப்போவதாகச் சொன்னது. மினியாபொலிஸ் தெருவில் ஒருவர் மூச்சு முட்டிச் செத்தால்தான் எங்கள் குளியலறை டியூபின் மறுபக்கத்தை உங்களால் படிக்க முடிந்திருக்கிறது. ஒன்றரை வருடம் பரிசீலித்து, 2021 டிசம்பரில் முடிவுக்கு வந்தீர்கள். 2022 மார்ச் முதல் 'ஹாவ் லாய்'. தேடி அலையவேண்டிய பெயரும் இல்லை. ஹாலி என்ற உங்கள் கம்பெனிப் பெயரின் சீன வடிவம்தான் அது. வாசலிலேயே தொங்கிய பலகையைக் கழற்றி டியூபில் ஒட்ட 33 வருடம்.

இவ்வளவு எழுதியபிறகு, எங்கள் குளியலறைத் தட்டின் வலது ஓரத்தைச் சொல்லாமல் விட்டால் என் பல் எனக்கே வலிக்கும். அங்கே அக்காவின் ஃபேர் அண்ட் லவ்லி இருந்தது. 1975இல் இந்தியாவில் பிறந்து, கறுப்பாக இருந்தால் வேலையும் கிடைக்காது வரனும் கிடைக்காது என்று விளம்பரத்திலேயே எங்களுக்கு வாழ்க்கைப் பாடம் நடத்திய கிரீம். ஒரே தட்டில் உங்கள் ஆள் கறுப்பைக் காட்டிச் சிரிப்பார். ஓரடி தள்ளி அது கறுப்பைப் போக்குவதாகச் சத்தியம் செய்யும். நாங்கள் இரண்டையும் பிதுக்கிக்கொண்டிருந்தோம். 2020இல் உங்களுக்கு வந்த அதே காய்ச்சல் அவர்களுக்கும் வந்து, ஃபேரை எடுத்துவிட்டு குளோ என்று வைத்தார்கள். ஹெய் ரென் என்ற வார்த்தைக்கு முகாமில் மூக்கு சிவந்த நான், அக்காவுக்கு மாப்பிள்ளை தேடியபோது, 'பெண் மாநிறம்' என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தவன். அக்கா என்னைவிடக் கறுப்பு.

ஒரு யோசனை சொல்லலாமா? எங்கள் நாட்டுக்கு ஆட்சிமொழி நான்கு. உங்கள் டியூபில் தமிழ் மட்டும் ஏறவேயில்லை. பழைய பெயரை நேரே தமிழாக்கியிருந்தால் அது வாயில் நுழைய மறுத்திருக்கும். ஏனென்றால் எங்கள் மொழியில் கருப்பன் என்பது சாமியின் பெயர். ஊர் எல்லையில் நிற்பவர். முறுக்கிய மீசை, உருட்டிய விழி, கையில் ஆளுயர அரிவாள். தொப்பி போடமாட்டார். யாரையும் பார்த்துப் பல்லிளித்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் முகம் வேண்டுமென்றால் வருடா வருடம் கிடா வெட்டவேண்டும், சுருட்டும் சாராயமும் படைக்கவேண்டும். 5 கோடி டாலருக்குப் பாதி விலைபேச அவர் சம்மதிப்பாரா என்பதைக் கோடாங்கியிடம்தான் கேட்கவேண்டும்.

இப்படிக்கு,
பற்கள் (ஒன்று நீங்கலாக) நலமாயிருக்கும்
தங்கள் வாடிக்கையாளன்.

பின்குறிப்பு: நேற்று அடுக்குமாடிக்குக் கீழே உள்ள பேரங்காடிக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் எட்டாம் மாடிச் சீனப் பாட்டி. 'ஹெய் ரென்' என்று கேட்டார். புதுப் பெயர் அவருக்குப் பழகவில்லை, இனிப் பழகப்போவதும் இல்லை. அடுக்கிக்கொண்டிருந்த தம்பி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, சட்டென்று திரும்பிச் சரியான டியூபை எடுத்து நீட்டினான். சீனம் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது அண்ணே என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். சட்டையில் பெயர் அட்டை குத்தியிருந்தது. குலசாமியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், மேலே சொன்னேனே, அந்தச் சாமி. அவன் எடுத்துக் கொடுத்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.