பிரம்பும் புணர்ச்சி விதியும் இட்லி உப்புமாவும்

பவணந்தி முனிவர் நன்னூலை எழுதியபோது தமிழ்நாட்டுச் சமையலறைகளை மனத்தில் வைத்தே எழுதியிருக்க வேண்டும். சொற்கள் சேர்ந்தால் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரங்கள் வரும் என்கிறார்.

வாழையும் பழமும் சேர்ந்தால் நடுவே ஒரு ‘ப்’ தோன்றும். இரவு எட்டு மணிக்கு விருந்தாளி வந்து சேர்ந்தால் ரசத்தில் இரண்டு குவளை வெந்நீர் தோன்றும். பொன்னும் குடமும் பொற்குடமாகத் திரியும். காலையில் மிஞ்சிய இட்லியோ கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய மிளகாய் வற்றலோடு சேர்ந்து மாலையில் உப்புமாவாகத் திரியும். உதிர்த்த இட்லியில் கொஞ்சம் மஞ்சள்தூளும் விழுந்துவிட்டால் அதன் பூர்வீகத்தை எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது.

மூன்றாவது விகாரத்துக்கு மறுநாள் வரை பொறுத்தால் போதும்.

இவ்வளவு எளிய பாடம் பிள்ளைகளுக்கு ஏறாததற்குக் காரணம் பிரம்பு இல்லாததுதான் என்பது பெரியவர்களின் துணிபு. என்ன செய்வது, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனைக்குத் தடை போட்டுவிட்டது. அதற்கு முன்பே உள்ளங்கை சிவந்தவர்கள் பாக்கியசாலிகள். அந்த நன்றியை மறக்காமல் வாட்ஸ்அப் குழுக்களில் இன்றும் எழுதுகிறார்கள்: ‘அடித்து வளர்த்த ஆசிரியரை பற்றி பெருமை படுகிறோம்.’

மூன்று ‘ப்’புகளும் அடிக்குப் பயந்து ஓடிவிட்டன போலும்.

பிரம்பு மீண்டும் வருமானால், முதல் அடியைக் குழு அட்மினுக்கே ஒதுக்கும்படி அரசைக் கேட்டுக்கொள்வோம்.